சீசன் இல்லாத மாதங்கள்

நாடகக்காரருக்கு உதவ நினைக்கிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துக்கு மாசியில்தான் உயிர் வரும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் பேர் வாங்கிய நடிகருக்கு ராத்தூக்கம் கிடையாது. ஓர் ஊரில் விடியற்காலை மங்களம் பாடிவிட்டு, அரிதாரத்தைத் துடைத்தும் துடைக்காமலும் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவார்கள். ஆனி, ஆடி, ஆவணி வரை இழுத்துப் பிடித்து ஓடும். புரட்டாசி பிறந்தால் தேதி குறையும். ஐப்பசி மழையோடு நின்றே போகும். கார்த்திகை, மார்கழியில் ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஐயப்பன் பஜனை அமையலாம். நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட்டுக்கும், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட்டுக்கும், பபூனுக்கும் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் இவர்கள் வீட்டு அடுப்பு எரிய வழி பார்ப்பதே என் பாதி வாழ்க்கையாகப் போனது.

நான் மிருதங்கம் வாசித்தவன். எண்பதுகளில் எங்கள் ஊர் நாடக நடிகர் சங்கத்தில் கணக்கெழுத ஆள் தேடினார்கள். பத்தாவது வரை படித்தவன், கையெழுத்தும் தெளிவாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் தந்தார்கள். சந்தா வரவு, நாடகத் தேதி, அட்வான்ஸ் தகராறு எல்லாம் அந்த நோட்டில் ஏறும். நோட்டில் ஏறாத சங்கதிகளும் என்னிடம்தான் வரும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் எந்தக் கடையில் எதை அடகு வைத்திருக்கிறார், யாருடைய மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஏஜென்ட் மூலமாக ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பேசி முடிப்பார்கள். பல சமயம் அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை ஏதும் இல்லாமல் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ விடிய விடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொது என்பதால் இது முடிகிறது. சுவாமிகள் மதுரையில் பாலர் சபா நடத்திய 1918-வாக்கில் நடிகன் கம்பெனி வீட்டில் தங்கினான், கம்பெனிச் சோறு சாப்பிட்டான். கண்டிப்பு அதிகம்தான். ஆனால் காய்ச்சலில் படுத்தால் என்ன ஏது என்று கேட்க ஒரு முதலாளி இருந்தார். கம்பெனிகள் கலைந்த பிறகு நடிகன் யாருக்கும் கட்டுப்படாதவன் ஆனான், அவனுக்காகக் கேட்கவும் யாரும் இல்லை என்று ஆனது. நேற்று ராத்திரி நடித்தவனுக்கு இன்று கால் முறிந்தால் ஏஜென்ட்டும் பொறுப்பில்லை, கமிட்டியும் பொறுப்பில்லை. சங்கம் தேவைப்பட்டதே அதற்காகத்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்தவர்கள் வேஷம் போட்டுக்கொண்டே விசுவநாததாஸ் கதையைச் சொல்வார்கள். மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. மேடையில் போன சாவைப் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கேட்ட நாளிலிருந்து என் மனசில் நின்றது, அவ்வளவு பெரிய நடிகர் கடனோடு போனார் என்பதுதான். ஊரே கொண்டாடிய மனிதரைக் கடனிலிருந்து தூக்கிவிட அந்த ஊருக்கு ஒரு வழி இல்லையே என்று தோன்றும்.

எங்களிடம் இருந்த பழைய வழி உதவி நாடகம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து ராஜபார்ட் ஒருவருக்கு வைகாசி நடுவில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நல்ல சீசன், கையில் நிறைய தேதி. அட்வான்ஸெல்லாம் வாங்கிச் செலவழித்தாயிற்று. கமிட்டிக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து வாசலில் நிற்கிறார்கள். இன்னொரு ராஜபார்ட், தொழிலில் அவருக்கு நேர்ப் போட்டி, "அண்ணன் தேதியெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று முன்வந்தார். அந்தத் தேதிகளுக்கு நடித்து, பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் போக மிச்சத்தை அந்த வீட்டில் கொடுத்தார். மேடையில் தர்க்கம் வந்தால் ஒருவரை ஒருவர் விடவே மாட்டார்கள், அப்படிப்பட்ட இரண்டு பேர்.

ஆவணியில் அவருக்காக உதவி நாடகம் போட்டோம். ஒருத்தரும் சம்பளம் வாங்கவில்லை. மைக் செட்காரர் டீசல் காசு மட்டும் கேட்டார். வள்ளியும் நாரதரும் தர்க்கம் முடித்த இடத்தில் பபூன் மைக்கைப் பிடித்து, படுத்திருக்கிறவர் இதே ஊரில் எந்த வருஷம் எந்த நாடகத்தில் என்ன பாட்டுப் பாடினார் என்று சொன்னார். வறுமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பாட்டை இன்னிக்கு ஒரு தரம் கேப்போமா?" என்று கேட்டு ஆர்மோனிய வாத்தியாரைப் பாடச் சொன்னார். அதற்கப்புறம் தாம்பாளம் சுற்றி வந்தது. அஞ்சும் பத்துமாக விழுந்த நோட்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டு விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லைப்புறமாகப் போய் அடுப்படியில் நின்ற அவர் மனைவி கையில் கொடுத்தேன். கொடுக்கிற பணத்தைக் கொல்லைப்புறமாகக் கொடுக்கும் பழக்கம் அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் வந்தது.

உதவி நாடகத்தில் ஒரு பெரிய குறை உண்டு. பேர் இருக்கிறவருக்குத்தான் கூட்டம் வரும். அடுத்த வருஷமே டான்ஸ் ஆடும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பபூனோடு ஜோடி ஆடுகிறவள், நோட்டீஸில் கடைசி வரியில் பேர் வரும். அவளுக்கென்று போட்ட நாடகத்தில் தாம்பாளம் பாதிகூட நிரம்பவில்லை. வியாதிக்கு ராஜபார்ட், டான்ஸ் என்ற வித்தியாசம் இல்லை, வசூலுக்கு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தாம்பாளம் ஏந்துவதை விட்டுவிட்டுப் பொதுநிதி வைக்க வேண்டும் என்று நான் சங்கத்தில் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

பொதுநிதிக்கு முதல் வேலையாக அமைந்தது அடகுக்கடை. ஐப்பசியில் தீபாவளி வரும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், கையில் காசு இருக்காது. முதலில் மனைவியின் தோடு போகும், பிறகு பித்தளை அண்டா, கடைசியில் ஆர்மோனியப் பெட்டி. மழைக்காலம் முழுக்க அந்தப் பெட்டி அடகுக்கடையின் பின்னறையில் ஈரச் சுவரை ஒட்டிக் கிடக்கும். எங்கள் வாத்தியார் ஒருவர் மாசியில் பெட்டியை மீட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்து திறந்தார். துருத்தியின் மடிப்பை எலி கரம்பியிருந்தது. பலகை ஊதிப்போய் மேல்கட்டைகள் இரண்டு அமுக்கினால் எழும்பவில்லை. நடு ஸ்தாயியில் ஒரு ரீடு ஊமையாகிவிட்டது, இன்னொன்று சுதி சேராமல் அழுதது. அவர் ஒன்றும் பேசாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டி கட்டியாயிற்று, இனி ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும், அது வரும்வரை வாடகைப் பெட்டி எடுக்க வேண்டும். சீசனில் முதல் ஏழெட்டு நாடகத்துச் சம்பளம் இதற்கே சரியாகிவிடும். பங்குனி முடியும்போதுதான் அவருக்கு அந்த வருஷம் தொடங்கும்.

அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம். சீசனில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையை ஏஜென்ட் பிடித்துச் சங்கத்தில் கட்டிவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் அந்தப் பணத்தைக் கேட்கிறவருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். சித்திரைக்குள் திருப்பினால் போதும். மனு கிடையாது. காரணம் கேட்க மாட்டோம். இரண்டு கலைஞர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், தொழில் கருவியை எங்கும் அடகு வைக்கமாட்டேன் என்று வாயால் ஒரு சொல் சொல்ல வேண்டும். "குடுத்தா வராதுங்க, நாடகக்காரன் கையில காசு நிக்காது" என்று எங்களில் சிலரே சொன்னார்கள். திரும்பி வந்தது. எல்லாம் வந்தது என்று சொல்ல முடியாது. செத்துப்போனவர் கணக்கில் நின்றதைத் தள்ளுபடி செய்தோம். ஆனால் பெரும்பாலும் வந்தது. தன் பெட்டியைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறவன் மாசி முதல் தேதியிலேயே சம்பாதிக்க ஆரம்பித்துவிடுகிறான், அவனால் திருப்ப முடிகிறது. அரசின் இயல் இசை நாடக மன்றம் பிற்காலத்தில் கருவியும் ஆடை அணிகலனும் வாங்க ஆளுக்கு 10,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். கருவி இருக்கிற கலைஞனுக்குச் சோறு அவனே தேடிக்கொள்வான் என்று அங்கேயும் யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அரசு உதவியைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மன்றம் நலிந்த கலைஞர்களுக்குத் தருகிற மாதாந்திர உதவித்தொகை இப்போது 3,000 ரூபாய். பிள்ளைகள் கைவிட்ட ஒரு கிழவருக்கு அந்த 3,000 என்ன செய்யும் என்பது மருந்துக்கடைக்குக் கூடவே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. எங்கள் ஆட்களும் வரிசையில் நின்று பதிந்தார்கள். போட்டோ ஒட்டிய உறுப்பினர் அட்டையைப் பார்த்து ஒரு பபூன், "நம்மளையும் ஒரு தொழிலாளின்னு எழுதிட்டாங்கண்ணே" என்று சொன்னார். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-இல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்காக உதவி நாடகம் போடுவது வெகுவாகக் குறைந்தது. கலைஞர்களுக்கென்று செய்த எதையும்விட, ஏழைகள் எல்லாருக்குமாகச் செய்த அந்தத் திட்டங்கள் எங்களுக்கு அதிகம் பயன்பட்டன என்பது என் அபிப்பிராயம்.

கஷ்டம் மனுவில்தான் இருக்கிறது. வயதுச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். கலைஞர் என்பதற்குச் சான்று கேட்பார்கள், அங்கேதான் எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். எங்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே ஆதாரம் நாடக நோட்டீஸ். ரோஸ், பச்சை, மஞ்சள் காகிதத்தில் நடுவில் சாமி படம், சுற்றி நடிகர்கள் படம், கீழே கமிட்டிக்காரர் பேர்கள். திருவிழா முடிந்தால் அது வேர்க்கடலை மடிக்கப் போய்விடும்.

ஒரு ஸ்திரீபார்ட் அக்கா, எழுபதை நெருங்கியவர், தகரப் பெட்டியின் அடியில் தன் நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்திருந்தார். மனு எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக எடுத்து விரித்தோம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது, பாதியைக் கரையான் அரித்திருந்தது. மிஞ்சியதில் அவர் பேர் மதுரை என்ற ஊர்ப்பேரும் இன்னிசை என்று தொடங்கும் ஒரு பட்டமும் சேர்ந்து பெரிய எழுத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டில் வேறு பேர், அம்மா அப்பா வைத்தது. வாக்காளர் அட்டையில் கணவர் பேரோடு மூன்றாவதாக ஒன்று. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று எந்த அலுவலகத்துக்கு எப்படிப் புரிய வைப்பது? நோட்டீஸில் இருந்த இளவயசுப் படத்தையும் எதிரே நிற்கிற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் நின்றபடியே பவளக்கொடியின் முதல் பாட்டைப் பாட ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது, சுதி துளி விலகவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டுக்காக மனு தேறவில்லை. மூன்று பேரும் ஒருவர்தான் என்று ஊராட்சித் தலைவரிடமும் சங்கத்திலும் கடிதம் வாங்கி, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட்டு, பல மாதம் அலைந்த பிறகுதான் பணம் வந்தது. பணம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அப்படி இல்லாமல் போனவர்களும் உண்டு.

அதற்கப்புறம் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே சொல்வேன்: நோட்டீஸில் பட்டம் எது வேண்டுமானாலும் போட்டுக்கொள், அடைப்புக்குறிக்குள் அட்டையில் இருக்கிற பேரையும் போடச் சொல். ஒவ்வொரு நோட்டீஸிலும் இரண்டு எடுத்து வை, ஒன்று உனக்கு, ஒன்று சங்கத்துக்கு. சங்கத்துப் பீரோவில் இப்போது வருஷவாரியாகக் கட்டிக் கட்டி வைத்திருக்கிறோம்.

நோட்டீஸில் பேரே வராதவர்களும் உண்டு. சீன் கட்டுகிறவர், பெட்டி தூக்குகிறவர், வேஷம் போட்டுவிடுகிறவர், மைக் செட்டோடு வருகிற பையன். நாடகம் நின்றால் இவர்களுக்கும்தான் பிழைப்பு நிற்கிறது. கலைஞர் உதவி என்று வருகிற எதுவும் இவர்கள் வீட்டுப் பக்கம் போவதில்லை. அரண்மனை, காடு, தெரு என்று வரைந்த படுதாக்களைச் சுருட்டி மினி லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போன ஒருவர், ஃபிளக்ஸ் பேனர் வந்த பிறகு தொழில் படுத்துக் கட்டட வேலைக்குப் போனார். சாரத்திலிருந்து விழுந்தார். அவருக்குக் கலைஞர் என்ற வகையிலும் சான்றில்லை, கட்டடத் தொழிலாளி என்ற வகையிலும் பதிவில்லை.

இவ்வளவும் பார்த்தவனுக்கே 2020 புதுசாக இருந்தது. ஊரடங்கு மார்ச் 25 அன்று தொடங்கியது. எங்களுக்கு அது பங்குனி. கடன் வாங்கித் துணிமணி தைத்து, நகை செட் புதுப்பித்து, சீசனுக்குத் தயாராக நின்ற நேரம். ஏப்ரல் 6 பங்குனி உத்திரம் போனது. மதுரையில் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை, மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4 அன்று ஜனங்கள் வீட்டிலிருந்து செல்போனில் பார்த்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அழகர் இறங்கவில்லை என்றால் சுற்றுப்பட்டியில் எத்தனை நாடகம் நின்றது என்று எங்கள் ஏஜென்ட்டுகளுக்குத் தெரியும். எல்லாருக்கும் இரண்டு மாத வருமானம் போனது, எங்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் வருஷம். 2021-லும் மே மாதத்திலேயே முழு ஊரடங்கு வந்தது. அதுவும் சீசன்.

சில கமிட்டிகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டன. பல கமிட்டிகள் கேட்கவில்லை. "அடுத்த வருஷம் அம்மனுக்கு ஆடிக் கழிச்சுக்குங்க" என்று சொன்ன ஊர்களை நான் மறக்க மாட்டேன். நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு நிவாரணம் வந்தது. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் அன்றுதான் அதைத் தேடினார்கள். சென்னையில் டி.எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை கலைஞர்களுக்காக நிதி திரட்டியது. சென்னையில் உள்ள தென்னிந்திய நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருந்த எங்கள் ஆட்களுக்கு அங்கிருந்தும் உதவி கிடைத்தது. இதெல்லாம் போய்ச் சேராத வீடுகள்தான் எங்கள் வேலை.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பணம் வந்தது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வேலை செய்கிறார்கள். ஊர்த் திருவிழா நாடகத்தை யாராவது செல்போனில் எடுத்து அனுப்பினால் ராத்திரி ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து பார்ப்பவர்கள். அவர்களில் சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "சந்திரமதியா நடிப்பாங்களே, மயான காண்டத்துல எங்க அம்மாவை அழ வைப்பாங்களே, அந்த அக்கா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். பேர் தெரியாது, வேஷம் மட்டும் தெரியும். அக்கா அப்போது நூறு நாள் வேலையும் நின்றுபோய், கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் தன் அறைத் தோழர்களோடு சேர்ந்து அவருக்கு அனுப்பினார், பிறகு மற்றவர்களுக்கும் அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். பார்த்து அழுதவர்கள் கொடுத்த காசு என்பதால் எங்கள் ஆட்கள் அதை வாங்கக் கூசவில்லை.

கூச வைத்தவர்களும் இருந்தார்கள். அரிசி மூட்டையோடு வேன் வந்து நிற்கும். இறங்கியதும் பேனர் கட்டுவார்கள். ஒரு நிவாரணக் குழு ஒருபடி மேலே போய், கலைஞர்கள் வேஷம் போட்டு வந்து வாங்கினால் படம் நன்றாக இருக்கும் என்றது. முருகன் வேஷத்தில் ஒருவர் அஞ்சு கிலோ அரிசிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். ராத்திரி அந்த வேஷத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிற ஜனங்கள் இருக்கிற ஊர் இது. சங்கத் தலைவர் மறுத்துவிட்டார், வேன் திரும்பிப் போனது. அரிசி தேவைப்பட்ட நேரம்தான். ஆனாலும் அன்று ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதோடு விதி செய்துவிட்டோம்: வாங்குகிறவரைப் படம் எடுக்கக் கூடாது. கணக்கு வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்ட பட்டியலும் வங்கி ரசீதும் தருவோம். கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது நியாயம், அதற்கு யாருடைய முகமும் தேவையில்லை. இந்த விதியால் சில பேர் விலகினார்கள். நின்றவர்கள் இன்றுவரை நிற்கிறார்கள்.

கொரோனா போன பிறகு திருவிழாக்கள் திரும்பின, நாடகம் அதே அளவுக்குத் திரும்பவில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி உண்டு. விடிய விடிய நடக்கிற நாடகம் பத்து மணிக்குத்தான் தொடங்கும். கமிட்டிக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கிறது. தேர்தல் வருஷம் என்றால் இன்னும் கஷ்டம். சலித்துப்போய்ப் பட்டிமன்றம் வைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் ஆர்க்கெஸ்ட்ரா. தவறாமல் நாடகம் வைக்கிற ஒரு கமிட்டியை உண்டாக்கினால் அதைவிடப் பெரிய நிவாரணம் கிடையாது. அதனால் இப்போது சங்கத்தில் இரண்டு இளைஞர்களுக்கு இதையே வேலையாகக் கொடுத்திருக்கிறோம். தை பிறந்ததும் ஊர் ஊராகப் போய் அனுமதி மனு எழுதிக் கொடுப்பார்கள், ஸ்டேஷனுக்குக் கமிட்டியோடு கூடப் போவார்கள்.

எனக்கு விரல் மரத்துவிட்டதால் வாசிப்பதில்லை. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தப் புரட்டாசிக் கடன் பட்டியலில் சீன் கட்டுகிறவர்கள், மைக் செட் பையன்கள், வேஷம் போட்டுவிடுகிறவர்கள் பேரையும் சேர்க்கச் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க நிதி போதாது. ஆவணி முடிவதற்குள் மிச்சத்தைத் திரட்ட வேண்டும். சிங்கப்பூர்ப் பையனுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.